இடப்பக்க நாற்காலிகள்

வகுப்புக்கு முன்னால் ஆர்டிஸ் லின்ட்குவிஸ்ட் குழாயடியில் நின்று வெந்நீரில் கைகளைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பனிக்காலம் முழுக்க இப்படித்தான். பிறகு துடைத்து, பால் கறக்கிறவர் போல விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிடுவார். விரல் கணுக்கள் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கின்றன. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று புறங்கை வரை இறங்கும் நீளக் கைச் சட்டைகளாகத் தேடி வாங்குகிறார். கோடையிலும் அதே சட்டைதான்.

பாட அறையில் இரண்டு பியானோக்கள் தோளோடு தோள் நிற்கும். ஒன்று மாணவருக்கு, ஒன்று அவருக்கு. கதவுக் கண்ணாடியைப் பழைய கச்சேரிச் சுவரொட்டி ஒன்று மறைத்திருக்கிறது. அதில் சிரிக்கும் பொன்முடிப் பெண் இவர்தான் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. பாடம் நடக்கும்போது பென்சிலால் பியானோவின் விளிம்பைத் தட்டுவார். "விரல மொறச்சு என்ன ஆகப்போகுது? அது சொன்னதச் செய்யும். காதுதான் தூங்குது, அத எழுப்பு மொதல்ல!" பிரமாதமாக வாசித்துவிட்டால், "ம்... மோசமில்ல" என்பார். இந்த மினசோட்டா மாநிலத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சிகாகோவில் படித்து அங்கேயே மேடையேறியவர். இரண்டே வருடம் என்று சொல்லிக்கொண்டு இந்த ஊர்க் கல்லூரிக்கு வந்தார். பெட்டிகளில் பாதியைப் பிரிக்கவே இல்லை என்று வெகுகாலம் பெருமையாகச் சொல்லிவந்தார், இப்போது சொல்வதில்லை. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, சத்தமில்லாமல் முடிந்தும் போனது. மதியம் முட்டை சாண்ட்விச்சை அந்த அறையிலேயே தின்கிறார். வீட்டில் வானொலிகூட வைப்பதில்லை. நாள் முழுக்க அடுத்தவர் தப்புகளைக் கேட்ட காதுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். பேச ஆளில்லாத வீட்டில் பாட்டு மட்டும் ஓடுவதை அவரால் தாங்க முடியாது என்பதே நிஜம்.

வருடந்தோறும் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய கச்சேரி நடக்கும். அரங்கம் பாதி நிரம்பிவிடும். அது ரசனையால் வந்த கூட்டமல்ல. இசை படிக்கிறவர்கள் பருவத்துக்கு இத்தனை கச்சேரி கேட்டாக வேண்டும், வாசலில் வருகைச் சீட்டு வாங்கியாக வேண்டும். இடைவேளையில் சீட்டோடு கம்பி நீட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆர்டிஸ் இடைவேளையையே எடுத்துவிட்டார். சீட்டு கடைசியில்தான்.

"கதவுல பூட்டையும் போட்டுடேன் ஆர்டிஸ்," என்பார் டிராம்போன் ஊதக் கற்றுத்தரும் ஆசிரியர் வெர்ன் டோலெசால்.

"கேட்டுப் பாத்தேன் வெர்ன். தீயணைப்புக்காரங்க ஒத்துக்கல."

சீட்டுக்கு வருகிறவர்கள் வெளிவாசலை ஒட்டி வலப்பக்கம் உட்காருவார்கள். வாசிக்கிறவர் கைகள் தெரிவது இடப்பக்கத்திலிருந்துதான். அங்கே எப்போதும் காலி நாற்காலிகள். "கூட்டம் அந்தப் பக்கம், எனக்கு மரச்சாமான் இந்தப் பக்கம்," என்று சிரிப்பார். சிரித்தாலும் அது அவருக்கு உறுத்தாமல் இருந்ததில்லை.

இந்த வருடம் கல்லூரி இசைப் பட்டப்படிப்பையே நிறுத்திவிட்டது. பொழுதுபோக்காகக் கற்கும் நர்சிங் மாணவிகள் மட்டும் மிச்சம். சீட்டும் போயிற்று.

"யாரு வரப்போறா?" என்றார் ஆர்டிஸ்.

"நான் வருவேன்ல?" என்றார் வெர்ன்.

"நீ தூங்க வருவ."

வாய்தான் விளையாடியது. இத்தனை வருடத்தில் ஒருத்தராவது தனக்காக வந்தார்களா என்பது கச்சேரியன்று தெரிந்துவிடும். உள்ளே அந்தப் பயம்தான்.

ஞாயிறன்று பனி கொட்டியது. ஆர்டிஸ் மேடைக்கு வந்தபோது இருபது பேர்கூட இல்லை. அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் வலப்பக்கம், கோட்டைக்கூடக் கழற்றாமல். வெர்ன் இருந்தார். தபாலாபீஸ் ட்ரூடி இருந்தாள். மாணவியாக இருந்த காலத்தில் சீட்டுக்கு முதல் ஆளாகக் கை நீட்டியவள். சிறு உருப்படிகளை வாசித்து முடித்ததும் ஆர்டிஸ் எழுந்து நின்றார். சொனாட்டா என்ற நீண்ட உருப்படி ஒன்று பாக்கி இருந்தது.

"இந்தத் தடவ இடைவேள உண்டு," என்றார். "ரோட்டுல பனி ஏறிக்கிட்டிருக்கு. போறவங்க தாராளமாப் போங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மேடைக்குப் பின்னால் சிறு அறையில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். காலடிச் சத்தம் கேட்டது. வெளிக்கதவு அடித்துக்கொண்டது, மறுபடியும் அடித்துக்கொண்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மேடைக் கதவைக் கீற்றளவு திறந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அந்த இடுக்கில் அரங்கின் வலப்பக்கம்தான் தெரியும். அங்கே ஒருவரும் இல்லை. யாரோ விட்டுப்போன கம்பளிக் கையுறை ஒன்று நாற்காலியில் கிடந்தது.

"சரி," என்றார் தனக்குத்தானே. கோட்டு ஆணியில் தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடலாம். அதன் மேல் ஒரு கை வைத்தார். பிறகு, வாசிக்காமல் வைத்துவிட்டால் அந்த சொனாட்டா ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது என்று தோன்றவே கதவைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

இடப்பக்கம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, முன்வரிசைகளில் நெருக்கமாக. ட்ரூடி தன் கையுறையைத் தேடிக் காலடியில் குனிந்திருந்தாள்.

"ஆரம்பி ஆர்டிஸ்," என்றார் வெர்ன். "கை ஆறிடப்போகுது."

ஆர்டிஸ் பியானோ முன்னால் உட்கார்ந்தார். வலது கைப் பொத்தானைக் கழற்றினார், பிறகு இடது. சட்டைக் கைகள் இரண்டையும் மெதுவாக மடித்து முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, பியானோக் கட்டைகளின் மேல் கைகளை வைத்தார்.