டேப்புக்குள் என் குரல்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவள், கொட்டாவி விட்டுக்கொண்டே, "சுருக்காச் சொல்லும்மா" என்கிறாள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு எப்போது வந்தது?

அவள் மகளுக்கு ஏழு வயது. பேச்சு வராது, நடை வராது, கையும் சொன்னபடி கேட்காது. ஆனால் காது கூர்மை. ரெட்டியார்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை விட்டிருக்கிறார்கள். ஒரு டீச்சர், ஓர் ஆயா, ஏழெட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக ஆட்டோ வரும். நானும் ஏறிக்கொள்வேன்.

"பெரியாத்தா, ஒரு சீட்ட நீ புடிச்சுக்கிட்டா பிள்ளைக எங்கிட்டு உக்காரும்?" என்பான் ஆட்டோக்காரன்.

"ஒன் மடியில உக்காரும். ஓட்டுலே."

நான் போகாமல் முடியாது. பேத்திக்கு ஒன்றுக்கு வந்தால் மூக்குக்குப் பக்கத்தில் லேசாகச் சுருங்கும். அது என் ஒருத்தி கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் நாலு மணி வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூடவே ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அது நன்றாகத் தூங்கும். அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும்.

முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. வெறுந்தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வரவில்லை என்றால் பேத்தியின் பள்ளிக்கூடமும் நின்றுபோகும். எத்தனை தடவை ஈரத் துணியோடு அவளை வைத்துக்கொள்வார்கள்? டீச்சரும் பாவம், அவருக்கு இரண்டு கைதானே.

அப்போதுதான் அந்த அறைக்கு, சிலேட்டு அகலத்துக்குப் பெரிய செல்போன் மாதிரி ஒரு டேப் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அறையில் பிளக் வேலை செய்யாது. ஆயாதான் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி மாரோடு அணைத்து, பெரிய டீச்சர் ரூமுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவாள். அதில் படத்தைத் தொட்டால் பேசும். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ரேடியோவில் செய்தி படிக்கிற மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டதும் பேத்தி உடம்பு விறைத்து, கை இரண்டும் முறுக்கிக்கொண்டது.

"அம்மாச்சி, ஒங்க குரல்னா இவ பயப்பட மாட்டா. நீங்க பேசுங்க, நான் இதுல பதிஞ்சுக்கிறேன். தண்ணி வேணும்னு சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

"அவளுக்குன்னா..." என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். "இந்தா, தண்ணி குடி தங்கம்."

"அப்படியில்ல அம்மாச்சி. அவ கேக்குற மாதிரி சொல்லணும்."

"அவ எங்க கேட்டிருக்கா? நாந்தான குடுத்திருக்கேன்."

நாலைந்து தடவை முயன்றோம். ஒவ்வொரு தடவையும் வீட்டில் சொல்கிறதுதான் வாயில் வந்தது. டீச்சர் சிரித்துவிட்டு, "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார். ஒன்றுக்குப் போகிற படத்துக்கு, "வா வா, ஒன்னுக்குப் போயிட்டு வந்துருவோம்." சோற்றுக்கு, "ஆ காட்டு, ஆ காட்டு." திருப்பிப் போட்டுக் கேட்டபோது எனக்கு என்னவோ போல் ஆனது. என் குரல் இவ்வளவு அலுத்துப்போயா இருக்கிறது?

பேத்தி விறைக்கவில்லை. டேப்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், எச்சில் வழிய!

கை படத்தில் போய் விழ ரொம்ப நாள் பிடித்தது. தண்ணீருக்கு நீட்டினால் சோற்றில் விழும். மரத்தடியில் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து நானே, "ஆ காட்டு" என்பேன். கடைசியில் ஒரு நாள் டீச்சர் வந்து, "அம்மாச்சி, நாளைக்கு நீங்க வீட்ல இருங்க. பார்ப்போம்" என்றார்.

மறுநாள் வீட்டில் பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தேன். தூக்கமா வந்தது? மூக்குச் சுருங்குவதே கண்ணுக்குள் நின்றது. வெயில் தாழக்கூட இல்லை, செம்பட்டிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். கூட்டத்தில் நின்றுகொண்டே போய் இறங்கி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தேன்.

வாசலுக்கு வரும்போதே என் குரல் கேட்டது. "வா வா, ஒன்னுக்குப் போயிட்டு வந்துருவோம்."

"வாரேன், வாரேன். அம்மாச்சி வீட்ல இருந்தாலும் அதிகாரத்துக்குக் கொறச்சல் இல்ல" என்று ஆயா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது பேத்தியின் பாவாடை காலையில் கட்டியனுப்பிய அதே பாவாடை. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு இரைத்தது. பேத்தி என்னையே பார்த்தாள். கை ஆடி ஆடிப் போய் டேப்பில் விழுந்தது.

"இந்தா, தண்ணி குடி தங்கம்."

டீச்சர் டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் அதே படம், அதே குரல். கண் மட்டும் என் மேலேயே இருந்தது.

"ஒங்களுக்குத்தான் சொல்றா அம்மாச்சி" என்றார் டீச்சர்.

டம்ளரை வாங்கி முழுசாகக் குடித்தேன். பெரிய டீச்சர் ரூம் பானைத் தண்ணீர், சில்லென்று இருந்தது. நாளைக்கு நான் ஆட்டோவில் ஏறப்போவதில்லை.