தாவாத வெட்டுக்கிளிகள்

திருவாரூர் பக்கம் விவசாயம் செய்கிறேன். என் மகள் யாழினி, கடையில் வாங்கிய வெளிநாட்டுப் புள்ளிப் பல்லி ஒன்றை வளர்க்கிறாள். பெயர் புஜ்ஜி. வயலில் நான் பிடித்து வரும் வெட்டுக்கிளிதான் அதற்குத் தீனி.

போன சம்பாவில் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்ததால் பூச்சிமருந்து அடித்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம், "ஒரு வாரத்துக்கு எங்க வரப்புல ஆட்டுக்குப் புல் அறுக்காதீங்கக்கா" என்று மறக்காமல் சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் காலை அதே வரப்பில் வெட்டுக்கிளி பிடித்தேன். வழக்கமாகத் துரத்த வேண்டியிருக்கும். அன்று ஒன்றுகூடத் தாவவில்லை, குனிந்து பொறுக்கினேன். வேலை சுலபமாக முடிந்ததென்று சந்தோஷம் வேறு.

தின்ற அரை மணி நேரத்தில் புஜ்ஜியின் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. திறந்த வாய் மூடவில்லை. யாழினி அலறியதில் ஓடி வந்த மல்லிகா அக்கா, என்ன கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஏன் தம்பி, எங்க ஆட்டுக்கு ஆகாதுன்னீங்க. இதுக்கு மட்டும் ஆகுமா?"

மருந்தில் கிறங்கியதால்தான் அவை தாவவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தஞ்சாவூருக்குப் பைக்கில் பறந்தோம். பெட்டியை மடியில் வைத்திருந்த யாழினி, "இன்னும் மூச்சு இருக்குப்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கால்நடை மருத்துவர் ஊசி போட்டு, "ரெண்டு நாள் தாண்டணும்" என்றார். மூன்றாம் நாள்தான் அது நாக்கை நீட்டித் தண்ணீரை நக்கியது.

இப்போது வீட்டிலேயே டப்பாவில் சுவர்க்கோழிப் பூச்சி வளர்த்துக் கொடுக்கிறோம். வயலில் ஏதாவது பூச்சி என்னைக் கண்டும் ஓடாமல் உட்கார்ந்திருந்தால், அதைத் தொடாமல் விலகி நடக்கிறேன்.