கூப்பிடத் தேவையில்லாத காசிராஜன்

எங்கள் கோவில்பட்டியில் சும்மா கிடைக்கும் பொருள்மேல் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மற்ற ஊர்களில் பழமொழி. இங்கே அதுதான் வியாபாரம். அப்பேர்ப்பட்ட ஊரில், யாரும் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்கிற லினக்ஸை வைத்துப் பிழைக்கக் கிளம்பியவர் காசிராஜன்.

என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். லினக்ஸ் என்றால் என்ன என்பதையும் அந்தத் தடுப்பு வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற சிஸ்டம் அது. இந்த மாதிரி சிஸ்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு, திருட்டுக் காப்பி போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. எங்கள் பக்கம் இரண்டாவது ரகம்தான் அதிகம். லினக்ஸுக்குக் காசும் வேண்டாம், திருடவும் வேண்டாம். பழைய இரும்புக்காரனுக்குப் போக வேண்டிய பெட்டியிலும் ஓடும்.

"சும்மா குடுக்குத சாமான்ல என்ன இருக்கப் போவுது அண்ணாச்சி?" என்று கேட்டார் விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் பிச்சையா.

"சாமானுக்குக் காசு வேண்டாம். போட்டுத் தாரதுக்கு மட்டும் கூலி குடுங்க. அதுக்கப்புறம் என்னையக் கூப்பிடவே வேண்டாம்" என்றார் காசிராஜன்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். எந்த மெக்கானிக்காவது இப்படிச் சொல்லி விற்பானா? ஆனால் வேலை பிடித்துக்கொண்டது. கயத்தாறு எடை மேடை, ஊருக்குள் பல தீப்பெட்டி ஆபீஸ்கள் (தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஆபீஸ் என்போம்), ஒரு பருத்தி குடோன் என்று அலைந்து அலைந்து போட்டுக் கொடுத்தார். எல்லாம் தமிழிலேயே தெரியும்படி செய்து கொடுத்தார். கரிசல் புழுதியிலும் கரண்ட் வெட்டிலும் அவை பாட்டுக்கு ஓடின. வைரஸ் இல்லை, நின்று போவதில்லை. சொன்ன சொல் பலித்துவிட்டது. அவரை யாரும் கூப்பிடவில்லை.

எதிர்சாரியில் சுடலைக்குமாரின் கடை. திருட்டுக் காப்பி போட்டுத் தருவார். அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்த வண்ணம் இருப்பார்கள். உட்கார்ந்து டீ குடிப்பார்கள், மழை பெய்யுமா என்று பேசுவார்கள், அவருடைய பையன் படிப்பை விசாரிப்பார்கள். கெட்டுப் போகிற சாமானைச் சுற்றித்தான் மனுஷர்கள் கூடுகிறார்கள்.

காசிராஜனின் மனைவி கற்பகம் மதினி இறந்த பிறகு கடையை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. மகள் காவியா சென்னையில் வேலை பார்க்கிறாள். "எப்பா, தைக்கு இங்க வந்துருங்க. அங்கன யாருக்காக உக்காந்திருக்கீங்க?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். "என் மிஷினெல்லாம் இங்கன ஓடுது தாயி. ஒண்ணு நின்னு போச்சுன்னா ஆரு பாப்பா?" என்பார். அந்த ஒரு பதிலில்தான் அவருடைய கோவில்பட்டி வாசமே தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் நிற்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

சில மத்தியானங்களில் தடுப்பைத் தட்டுவார். "அண்ணாச்சி, என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. டவர் இருக்கான்னு பாப்போம்." கொடுப்பேன். மணி அடிக்கும். "இருக்கு, இருக்கு" என்பார். எனக்குக் கோபமாக வரும், பாவமாகவும் இருக்கும்.

ஆயுதபூஜையன்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். வருஷம் முழுக்க மிஷினுக்கு வைத்தியம் பார்த்தவரைக் கூப்பிட்டுப் பொரிகடலைப் பொட்டலமும் வெற்றிலை பாக்கும் கொடுப்பார்கள். அன்று சாயங்காலம் சுடலைக்குமாரின் மேஜையில் பொரிப் பொட்டலங்கள் சரிந்து கிடந்தன. காசிராஜன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. நான் கொடுத்த பொட்டலத்தை, "இது அயல்கடைப் பொரி, கணக்குல வராது" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் முழுக்க, சும்மா பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, தான் போட்ட மிஷின்களைத் தேடிப் பஸ் ஏறினார். கயத்தாறு எடை மேடையில் இருந்த புது ஆள், "நீங்க ஆரு?" என்று கேட்டிருக்கிறான். விளக்கிச் சொன்னதும் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, வந்து நின்ற லாரியைக் கவனிக்கப் போய்விட்டான். தனியாக அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு துர்ப்புத்தி வந்தது. மாதம் ஒருமுறை தானாக நின்று போகும்படி ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பிறகு கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்!

"பாதி அடிச்சிட்டு அழிச்சிட்டேன் அண்ணாச்சி" என்று பிறகு என்னிடம் சொன்னார். "நானே வளத்ததை நானே எப்படி முடமாக்குவேன்? மனசு வரல."

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும், 'வணக்கம். கோளாறு என்றால் உடனே கூப்பிடவும். காசிராஜன்' என்று போன் நம்பரோடு திரையில் வரும்படி எழுதினார். அதை ஒரு தடவை தட்டி மூடினால்தான் வேலைக்குப் போக முடியும். போன இடமெல்லாம் இதையே செய்துவிட்டு வந்தார்.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. தைக்கு டிக்கெட் போடட்டுமா என்று காவியா கேட்க ஆரம்பித்தாள். பொறு தாயி, பொறு தாயி என்றே நாளைக் கடத்தினார்.

மார்கழியில் ஒரு காலை அவர் போன் அடித்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பேப்பர் அடுக்குவதை நிறுத்திவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை மீனாட்சியம்மாள். காசிராஜன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, டெய்லி காலைல மிஷினைப் போட்டா உங்க பேருதான் மொதல்ல வந்து நிக்கி. அதை மூடிட்டுதான் வேலையப் பாக்க வேண்டியிருக்கு. அதை எப்படி எடுக்கதுன்னு சொல்லுங்க, நானே எடுத்துருதேன்."

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"அது போன்ல சொன்னா சரிவராது தாயி. நேர்ல வந்துதான் எடுக்கணும். இந்தா வாரேன்" என்றார்.

போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம் என்று அந்தத் தொழில் தெரியாத எனக்கே தெரியும். தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் ஸ்குரூ டிரைவர்களை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மத்தியானச் சாப்பாடு தாண்டித்தான் திரும்பினார். பெட்டியைப் பிரித்து ஃபேனில் அடைந்திருந்த புழுதியைத் துடைத்தாராம். டீ வாங்கிக் கொடுத்தார்களாம். அதை இரண்டு தரம் சொன்னார்.

பிறகு காவியாவைக் கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

"தைக்கு வர முடியாது போலிருக்கு தாயி. பாத்தியா, இன்னைக்கே ஒரு சர்வீஸ் கால். நான் போய்த்தான் சரி பண்ண வேண்டியிருந்துச்சு."

"அப்படி என்ன கோளாறுப்பா?"

"பெருசா ஒண்ணுமில்ல" என்றார். "ஒரு பேரு வந்து வந்து நின்னு அவியளுக்குத் தொந்தரவா இருந்துச்சு. எடுத்து விட்டுட்டேன்."