மூச்சை அடக்கிய நகை ஆசாரி

நான் வேலை பார்க்கும் கதிர்வீச்சு அறையில் நோயாளியின் உடம்பில் ஒயர் எதுவும் ஒட்டுவதில்லை. மேலே இருக்கும் கேமரா, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, மூச்சை ஒரு கோடாக வெளியே என் திரைக்கு அனுப்பும். கோடு படுத்துவிட்டால் கதிரை நிறுத்த வேண்டும்.

கோட்டையூரிலிருந்து வந்த நகை ஆசாரி ஒருவருக்கு இடது கண்ணுக்குள் புற்றுநோய். கண்ணை எடுக்காமல் காப்பாற்றத்தான் இந்தச் சிகிச்சை. முதல் நாள் தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி, தலையணை, படுக்கையின் உயரம் என்று என் பட்டியல்படி எல்லாம் சரிபார்த்தேன். மேலே எரியும் பச்சை விளக்கையே பார்க்க வேண்டும், கண் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கண் அசைந்தால் இன்னொரு கேமரா என் திரையில் காட்டிவிடும்.

கதிர் தொடங்கியதும் கோடு படுத்துவிட்டது. நிறுத்தினேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூச்சைப் பார்க்கும் கேமராவில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, உள்ளே போய் முகமூடியைக் கழற்றினேன்.

“மூச்சை அடக்குறீகளா ஐயா?”

“அடக்காம? கல்லு பதிக்கிறப்ப மூச்சு விட்டா கை ஆடிப்போகும் தாயி. கண்ணு மட்டும் ஆடாதா?”

“நகையைப் பொடி வச்சுப் பத்தவைக்க ஊதுகுழல்ல ஊதுறப்பவும் அடக்குவீகளா?”

“அதெப்படி? அடக்குனா தீ ஒரு சீரா போகாதுல்ல. மூக்கால இழுத்துக்கிட்டேதான் ஊதணும்.”

“அப்ப கண்ணு ஆடுமா?”

குழல் பிடிப்பதுபோல் விரல்களை வாயருகே வைத்து ஊதிப் பார்த்தார். “ஆடாது,” என்றார். “சரி, நீ போ. ஊதுறதாவே நெனச்சுக்கிறேன்.”

மறுபடி முகமூடியை மாட்டிவிட்டு வெளியே வந்தேன். இந்த முறை கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கான கதிர் தடையில்லாமல் முடிந்தது.

“கண்ணு அசைஞ்சுச்சா?” என்று எழுந்ததும் கேட்டார்.

“ஒரு தடவைகூட அசையலை.”

தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்.