தம்பியின் முகாமிலிருந்து வந்த போன்

தொலைதூரப் படைமுகாம்களின் கணினி இணைப்புகளைத் தலைமையகத்திலிருந்து கவனித்துக்கொள்வது அவள் வேலை. பன்னிரண்டு வருடத்தில் யாரையும் வாய்வார்த்தைக்கு நம்பியதில்லை. அறையில் உடன் வேலை பார்த்த நான்கு பேரும் அவளுக்கு 'சந்தேக அக்கா' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு மதியம் போன் வந்தது. முகாம் அதிகாரியின் குரல் போலவே இருந்தது.

"மேப் சர்வருக்குள்ள போக முடியல. பாஸ்வேர்ட மாத்திக் குடுங்க. ரோந்து போனவங்க வழி தெரியாம நிக்கறாங்க. உங்க தம்பியும் அதுல இருக்கான்."

அவள் விரல்கள் விசைப்பலகை வரை போய்விட்டன.

"லைன்லயே இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, முகாமின் தனி இணைப்பில் கூப்பிட்டாள். எடுத்தவன் தம்பியேதான்.

"ரோந்தா? நான் இங்கதான உக்காந்திருக்கேன். எல்லாம் நல்லாத்தான் ஓடுது. யாரு அக்கா சொன்னா?"

அவள் திரும்புவதற்குள் அந்தப் போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

தம்பி எந்த முகாமில் இருக்கிறான் என்று அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை. அவளறிந்து, வெளியில் அது தெரிந்தவர்கள் அறையிலிருந்த அந்த நால்வர் மட்டுமே.

அன்றே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பாஸ்வேர்டுகள் எல்லாம் மாறின. விசாரிக்க வந்தவர் நால்வரையும் துருவிவிட்டு, அவளையும் இரண்டு மணி நேரம் குடைந்தார்.

"என்னையுமா சார்?"

"என் இடத்துல நீங்க இருந்தா, உங்கள விட்ருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டாள். தம்பி இருக்குமிடத்தை யார் வெளியே சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. நால்வரும் இன்றும் அவளோடுதான் வேலை பார்க்கிறார்கள். தம்பி லீவில் எப்போது வருகிறான் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கிறாள்.