ரும்பா பழகப் பதுளைக்குப் போன எட்டு ஞாயிறுகள்

“டான்ஸ் பழகவா அவ்வளவு தூரம் போனீர்கள்?” என்று கேட்காத ஆள் எங்கள் தோட்டத்தில் இல்லை. ஆமாம், அதற்குத்தான் போனோம். போக முப்பது மைல், வர முப்பது மைல். 1960 தை மாதம் தொடங்கி எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பூனாகலைப் பக்கத்திலிருந்து பதுளைக்குப் போய் ரும்பாவும் சாச்சாவும் பழகினோம். எங்களைப் பார்த்துத் தாங்களும் போகப் போவதாக இரண்டு குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் போன்ற துணிச்சல்காரர்களுக்கும் உதவட்டும் என்று நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நடுவில் சொந்தக் கதையும் வரும். அதை விட்டுவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தேன். ரயில் நேர அட்டவணை போல வந்தது, கிழித்துப் போட்டேன்.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். என் மனைவி மரகதம் இந்த மலையிலேயே பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் கொழுந்து எடுத்தவள். பண்டாரவளையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். தோட்டத்துப் பெண்ணைக் கட்டிவிட்டேன் என்று, அதோடு என் வீட்டார் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் தில்லையம்பலம் ஒருவன்தான் எனக்கு மிச்சமிருந்த ஊர்த் தொடர்பு. அவனையும் இழக்கப் பயந்து, ‘மனைவி கண்டியில் ஒரு வாத்தியாரின் மகள்’ என்று எழுதிவிட்டேன். எழுதும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. ஏதோ முன்யோசனையாகத்தான் தோன்றியது.

அந்தத் தில்லையம்பலம்தான் அழைத்தான். பண்டாரவளைச் சந்தையில் தற்செயலாகக் கண்டபோது, “மச்சான், பதுளை ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு பறங்கி அம்மா ஜோடி டான்ஸ் பழக்கிறா. நானும் பத்மாவும் சேர்ந்திட்டம். நீயும் மனிசியைக் கூட்டிக்கொண்டு வாவன்” என்றான். ரேடியோவில் சாச்சா கேட்டால் ஆபீஸ் மேசையில் தாளம் போடுகிறவன் நான். ஆனால் தாளம் ஒரு சாக்குத்தான். கச்சேரி உத்தியோகத்தர்களோடு சரிசமமாக ஒரு மண்டபத்தில் நிற்கவேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

இனிப் பயணம். காலை ஐந்தே முக்காலுக்குத் தோட்டத்துச் சந்தியில் பஸ். பண்டாரவளைக்குப் பத்து மைல், ஆளுக்கு அறுபது சதம், ஒன்றேகால் மணி நேரம். மழை பெய்தால் ஒன்றரை. ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கடையில் ரொட்டியும் சம்பலும் தேநீரும் ஆளுக்கு நாற்பது சதம். சம்பல் காரம், ஆனால் ரயிலில் தூக்கம் வராது. ஏழே முக்காலுக்கு ரயில். பதுளைக்கு ஏறத்தாழ இருபது மைல், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒன்பதரைக்கு இறங்கலாம். ஒழுங்காக நடந்தது எட்டில் ஐந்து தடவை.

முதல் ஞாயிறு எல்ல தாண்டியதும் மூடுபனி விலகி வெயில் வந்தது. பெட்டியில் எங்களைத் தவிர யாருமில்லை. மரகதம் மடியில் செருப்புப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் எனக்கும் காட்டிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“அங்கை கனக்கக் கதைக்காதை. ஆரும் ஏதும் கேட்டால் ‘ஓம்’ எண்டு மட்டும் சொல்லு. ‘ஆமாங்க’ எண்டு சொல்லிப்போடாதை.”

‘ஆமாங்க’ தோட்டத்துப் பேச்சு என்று அவளுக்கும் தெரியும். “சரிங்க” என்றாள். அதன் பிறகு தேமோதரை வந்தது. ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து போகும் இடம். இதைக் காட்டப் போவதாக ஒரு வாரமாகச் சொல்லிவைத்திருந்தேன். காட்டினேன். பார்த்தாள். பதுளை வரை அவள் எனக்கு வேறெதையும் காட்டவில்லை.

வகுப்பு நடக்கும் வீடு பதுளை ஸ்டேஷனிலிருந்து கால் மைல். பலகைத் தரை, கிராமபோன், சுவரோரம் நாற்காலிகள். கட்டணம் ஜோடிக்கு மூன்று ரூபாய், பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. ஆசிரியை மிஸிஸ் ஹெலன் ஐம்பது வயதைத் தாண்டிய பறங்கிப் பெண்மணி, தமிழைத் தன் இஷ்டப்படி பேசுவார். மொத்தம் ஐந்து ஜோடிகள். முதலில் ஜோடியாக நின்று கையைப் பிடிக்கச் சொன்னார். பட்டப்பகலில் ஒன்பது பேர் பார்க்க நான் என் மனைவியின் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை. தில்லையம்பலத்துக்கும் அப்படித்தான் போலும், அவன் காது சிவந்துபோயிருந்தது.

ரும்பாவில் படிகள் சுலபம். நடைதான் கஷ்டம். காலை முதலில் வெறுமனே வைக்க வேண்டும், பாரம் கொடுக்கக்கூடாது. வைத்த பிறகுதான் உடம்பை மெதுவாக அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். முழங்கால் நிமிரும், இடுப்பு தானாக அசையும். மிஸிஸ் ஹெலன் இதைப் பத்துத் தடவை செய்து காட்டினார். யாழ்ப்பாணத்து மட்டமான மண்ணில் நடந்து வளர்ந்த எனக்குக் காலும் உடம்பும் ஒன்றாகத்தான் போய் விழுந்தன.

“மிஸ்டர், தரை உங்களுக்கு என்ன செஞ்சது? ஏன் இப்படி அடிக்கிறீங்க?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் பார்வை மரகதத்தின் காலில் நின்றது. என் கையை விலக்கிவிட்டு அவளை மண்டபத்தின் நடுவுக்குக் கூட்டிப் போனார். “எல்லாரும் இந்தக் காலைப் பாருங்க. ஆறு மாசத்தில வர்ற நடை இது.” பிறகு அவளிடமே கேட்டார்: “எங்க படிச்சீங்க?”

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். “கண்டியிலை, பள்ளிக்கூடத்திலை” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மீதி வகுப்பு முழுக்க நிமிரவே இல்லை.

திரும்பும் ரயில் பகல் இரண்டு மணிக்கு. ஹாலி எல கடந்ததும் மரகதம் சொன்னாள்: “அடுத்த கெழம நான் வரலைங்க.”

“ஏன்?”

“வாயத் தொறக்காதன்னீங்க, தொறக்கல. கால எங்க கொண்டுபோயி ஒளிச்சு வைக்கட்டும்?”

சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் தனியாகத்தான் போனேன். மனைவிக்குக் காய்ச்சல் என்றேன். மிஸிஸ் ஹெலன் தயவு பார்த்து என்னோடு ஆடினார். மற்ற நேரம் ஒரு நாற்காலிதான் எனக்கு ஜோடி. தனியாகப் போவது செலவுக்கு மிச்சம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்த இரண்டு பயணத்தைப் போல நீளமான பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

மூன்றாம் ஞாயிறு முடிந்த புதன்கிழமை, கொழுந்து நிறுக்கும் கணக்கைச் சரிபார்க்க மலைக்குப் போனேன். வழக்கமாகக் குனிந்த தலை நிமிராமல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் நான். அன்று தராசு வரத் தாமதமானதால் சும்மா நின்று பார்த்தேன். செங்குத்துச் சரிவில், முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு, பெண்கள் செடிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கால் முன்னே போகிறது, மண்ணைத் தொட்டுப் பார்க்கிறது, காத்திருக்கிறது. மண் உறுதி என்று தெரிந்த பிறகுதான் உடம்பு அந்தக் காலுக்குப் போகிறது. முழங்கால் நிமிர்கிறது. மழைக்காலத்தில் இந்த நடை தெரியாதவள் உருண்டு கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானில்தான் கிடப்பாள். மிஸிஸ் ஹெலன் மூன்று வாரமாகத் தொண்டை வற்றச் சொல்லித்தந்ததை நாற்பது பேர் என் கண்முன்னே செய்துகொண்டிருந்தார்கள். நான் இந்தத் தோட்டத்துக்கு வந்து ஏழு வருஷம். ஒரு நாளும் கவனித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் மரகதத்திடம் போய், எனக்குப் பழக்கிவிடு என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குவாட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள சரிவுக்குக் கூட்டிப்போய்ச் செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

“மொதல்ல கால மட்டும் வைங்க. தாங்குமான்னு பாருங்க. பொறவு ஒடம்பக் குடுங்க. அவசரப்படாதீங்க, யாரும் தொரத்தல.”

இரண்டாம் அடியிலேயே சறுக்கிக் கானுக்குள் உட்கார்ந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நின்றவர்கள் “ஐயோ, கிளாக்கரையா!” என்று கத்தினார்கள். மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதற்காக இன்னும் நாலு தடவை விழுந்திருக்கலாம், விழவும் செய்தேன். சனிக்கிழமைக்குள் கால் பிடிபட்டுவிட்டது. “நாளைக்கு வாறியா?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“வந்தா, நான் யாருன்னு மறுபடி கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?”

“உள்ளதைச் சொல்லுவன்.”

“பாக்குறேன்” என்றாள். வந்தாள். என்னை நம்பி வந்தாள் என்று சொல்லமாட்டேன், பார்க்கத்தான் வந்தாள்.

நான்காம் ஞாயிறு இசைத்தட்டுச் சுழலத் தொடங்கியதும் நாங்கள் இருவரும் ஆடினோம். பாதிப் பாட்டில் மிஸிஸ் ஹெலன் கை தட்டி எல்லாரையும் நிறுத்தினார். “மிஸ்டர் திருந்திட்டார்!” என்றார். தில்லையம்பலம் வழக்கமான கேலியோடு உரத்துச் சொன்னான்: “தோட்டக்காட்டாரோடை கிடந்து மச்சானுக்கு நடையே மாறிப்போச்சு!”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தோட்டத்து ஆட்களை எங்களூரில் இளக்காரமாகச் சொல்லும் பெயர் அது, ஆனால் அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது, தெரியாமல் வைத்தவன் நான். என் கைக்குள் இருந்த மரகதத்தின் கை அசையவே இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்துவிட்டால் அந்தக் கை இனி ஒருபோதும் எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தது.

“ஓம் தில்லை, மாறித்தான் போச்சு” என்றேன். “மாத்தினது இவ. மரகதம் இந்த மலையிலை பிறந்தவ. ஆறு வருஷம் கொழுந்து எடுத்தவ. கண்டியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அது நான் சொன்ன பொய். அவ ஒருநாளும் பொய் சொல்லேல்லை.”

இசைத்தட்டு முடிந்து ஊசி கரகரத்தது. தில்லையம்பலம் தன் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றான். முதலில் பேசியது மரகதம்தான்.

“தட்டு தேயுதுங்க மேடம். ஊசியத் தூக்கிருங்க” என்றாள், தன் சொந்தப் பேச்சில், எல்லாருக்கும் கேட்கும்படி.

மிஸிஸ் ஹெலன் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வந்து அவள் தோளில் கைவைத்தார். “அப்ப எங்களுக்கும் சொல்லித்தாங்க” என்றார். தில்லையம்பலத்தின் மனைவி பத்மா ஓர் அடி முன்னே வந்தாள். “அக்கா, அந்தக் காலை எனக்கு ஒருக்கா மெதுவாக் காட்டுங்கோ” என்றாள். அந்த ‘அக்கா’ என்ற ஒரு சொல்லுக்காக நான் பத்மாவுக்கு என்றைக்கும் கடமைப்பட்டவன். தில்லையம்பலம் அன்று வழக்கம்போல ஸ்டேஷன் வரை வரவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கே வரவில்லை. ஆறாம் ஞாயிறு வந்து, “நான் வாயைக் குடுத்திருக்கக்கூடாது, தங்கச்சி” என்று மரகதத்திடம் சொன்னான். “பரவாயில்லண்ணே, கால மட்டும் ஒழுங்கா வைங்க” என்றாள் அவள்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரப்பர் அடிச் சப்பாத்து வேண்டாம், பலகையில் பிடித்துக்கொள்ளும். தோல் அடி நல்லது. பங்குனியில் பின்னேர மழை நிச்சயம், குடை கொண்டுபோங்கள். பதுளை ஸ்டேஷனுக்கு அருகே மதியச் சாப்பாடு ஒரு ரூபாய், மீன் எடுத்தால் ஒன்று ஐம்பது. தேமோதரைச் சுற்றைத் திரும்பும்போதும் பாருங்கள், கீழிருந்து ஏறும்போது இன்னும் அழகு. முதல் மூன்று வகுப்பில் ஒன்றும் வராது, நாலாவதில் வரும். ஜோடியாகப் போங்கள். போகிற வழியில், யாரோடு போகிறீர்களோ அவரிடம் இன்னொருவராக நடிக்கச் சொல்லாதீர்கள்.

எட்டாம் ஞாயிறு திரும்பும் ரயிலில் எதிரே ஒரு சிங்கள அம்மா தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். அரைகுறைத் தமிழில் எந்த ஊர், எங்கே போய் வருகிறீர்கள் என்று விசாரித்தார். நான் வாயெடுக்கும் முன் மரகதம் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள், தன் அப்பா பெயரைச் சொன்னாள், கொழுந்து எடுத்த மலையின் நம்பரையும் சொன்னாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள்.

“இவரு எங்க வீட்டுக்காரருங்க. யாழ்ப்பாணம். இப்பத்தான் நடக்கப் பழகியிருக்காரு.”