பதில் வரவைக்கும் பொய்

எங்கள் ஆய்வில் அவர் இருநூற்றுப் பதினேழாம் எண். நான் வைத்த பெயர் லிஃப்ட்காரர். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். கதவு மூடும் சத்தத்தை வைத்தே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். மனைவி போனபின் மூன்றாம் மாடியில் தனி ஆள். ஒரே மகன், அவனும் வேறு நாட்டில்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை. வதந்தியை யார், ஏன் பரப்புகிறார்கள் என்று பேராசிரியர்கள் ஆராய்கிறார்கள். நான் போன் போட்டுக் கேள்வி கேட்டு, பதிலைக் கட்டத்தில் நிரப்புகிறேன். எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: "பொய்யின்னு தெரியாதும்மா, நல்லதுன்னு நினைச்சு அனுப்பினேன்." லிஃப்ட்காரர் மட்டும் பட்டென்று போட்டு உடைத்தார்.

"தெரியும்மா. பொய்யான்னு பாத்துத்தான் எடுப்பேன்."

"தெரிஞ்சே ஏன் சார் அனுப்புறீங்க?"

"பையன் பதில் போடணுமே! பூ படம், காலை வணக்கம், எதுக்கும் பதில் கிடையாது. ஒருநாள் வெந்நீர் குடிச்சா கண்ணாடியே போட வேண்டாம்னு ஒண்ணு அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்துல 'அப்பா, இது சுத்தப் பொய்'னு வந்துச்சு. பின்னாலயே ஒரு பக்கத்துக்கு விளக்கம். திட்டுறான்தான். ஆனா 'அப்பா'ன்னு ஆரம்பிச்சுத்தானே திட்டுறான்?"

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்கு இரண்டு வருடம் படியளந்ததே பொய்தான். எங்கள் படிவத்தில் காரணங்களுக்கு ஏழு கட்டங்கள்: பணம், அரசியல், விளையாட்டு என்று என்னென்னவோ. இதற்குக் கட்டம் இல்லை. படித்தவர்கள் போட்ட படிவம்! எரிச்சலோடு 'மற்றவை' என்று குறித்தேன்.

பிறகு மகனுக்கும் அலுத்துவிட்டது, பதில் நின்றது. அப்போதுதான் எங்கள் அடுத்த சோதனைக்கு அவராகவே பெயர் கொடுத்தார். நான்கு வாரம் போனில் வரும் செய்தி எதையும் பார்க்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது; பேச மட்டும் செய்யலாம். "திடீர்னு நான் காணாமப் போனா, என்னாச்சுன்னு போன் பண்ணிக் கேப்பான்ல?" என்றார்.

புதன்தோறும் நான் கேட்க வேண்டிய ஒன்பதாவது கேள்வி: நீங்கள் இல்லாததைக் கவனித்து யாராவது கூப்பிட்டார்களா? முதல் வாரம், "அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்றார். இரண்டாம் வாரம், "அவன் சின்ன வயசுலேருந்தே எல்லாத்துலயும் கொஞ்சம் நிதானம்." மூன்றாம் வாரம் எண்ணைக்கூடப் பார்க்காமல் எடுத்து, மூச்சு வாங்க, "சொல்லுப்பா!" என்றார். என் குரலைக் கேட்டதும், "ஓ, நீங்களாம்மா" என்று இறங்கிப்போனார். அந்த மகனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. அதற்கு எனக்கு உரிமை இல்லை.

நான்காம் வாரம் ஒன்பதாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. "முடிஞ்சுது சார், இனிமே நீங்க பாக்கலாம், அனுப்பலாம்" என்றேன்.

"காலையிலேயே திறந்துட்டேம்மா. ஒண்ணும் இல்ல."

 பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரு உதவி. உங்ககிட்ட ஊர்ப்பட்ட பொய் சேத்து வெச்சிருப்பீங்கல்ல? நல்லதா ஒண்ணு குடுங்களேன். யாருக்கும் கெடுதல் வராததா. ஆனா அவனால படிச்சுட்டு சும்மா இருக்கவே முடியாததா."

எங்கள் கணினியில் பதினோராயிரம் பொய்கள் இருந்தன. ஒன்றைக்கூட வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"லைன்லயே இருங்க சார், தேடிப் பாக்கறேன்" என்றேன்.